உபாத்தியாயர் விபுலாநந்தர்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கல்லடிப் பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். பாலத்தின் கீழே விரிந்து கிடப்பது, நிலாக் காலங்களில் மீன் பாடும் என்று பேர்பெற்ற மட்டக்களப்பு வாவி. பாலத்தைக் கடந்தால், ஒருபுறம் வாவியும் மறுபுறம் வங்கக் கடலுமாக இடையே ஒடுங்கி நீளும் மணல் நிலம். அந்த நிலத்திலே கல்லடி உப்போடை என்னும் ஊரில் அமைந்திருக்கிறது சிவானந்த வித்தியாலயம். அதை அமைத்த பெருமகனாரின் சமாதியும் அங்கேயே இருக்கின்றது. அவரே சுவாமி விபுலாநந்த அடிகள்.

அடிகளாரின் பெயரை அறியாத தமிழர் ஈழநாட்டில் இல்லை. ஆண்டுதோறும் ஆடி மாதம் பிறந்ததும் அவரது படத்துக்கு மாலை சூட்டுகிறோம். முத்தமிழ் வித்தகர் என்று போற்றுகிறோம். யாழ்நூல் என்னும் அரிய நூலின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அந்நூலைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. இந்தப் புகழொளியிலே மறைந்துபோன ஒரு செய்தி உண்டு. பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறியதன்பின் அவர் கையிலெடுத்த தொழில் ஆசிரியத் தொழில். துறவு பூண்ட பின்னரும் அவர் அதை விட்டுவிடவில்லை. அவர் கற்பித்த முதன்மையான பாடமோ தமிழ் அன்று, கணிதமும் விஞ்ஞானமுமேயாம். ஆதலால் அவ்வுபாத்தியாயரின் கதையை நம் வாலிபர் அறியுமாறு இங்கு எழுதத் துணிந்தோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கே இருபத்தைந்து மைலுக்குக் குறையாத தொலைவிலுள்ளது காரைதீவு. கண்ணகியம்மன் கோயிலைச் சூழ்ந்த பழம்பெரும் ஊர் அது. வைகாசி மாதத்துச் சடங்கும், வழக்குரை படிப்பும் அவ்வூர் மக்களின் வாழ்வோடு கலந்தவை. அங்கே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக 1892ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே அடிகளார் பிறந்தார். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம். கண்ணகியின் கதையைக் காதாற் கேட்டு வளர்ந்த அச்சிறுவனே பிற்காலத்திற் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராய்ந்து, மறைந்துபோன யாழ்களின் இயல்பைக் கணக்கிட்டுச் சொன்னவன்.

ஊரிலே தமிழ் கற்பித்தவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். நீதி நூல்களையும் நிகண்டையும் பயிலும் அந்தப் பழைய திண்ணைமுறைக் கல்வி ஒரு பிள்ளையின் மனத்திலே தமிழை வேரூன்றச் செய்யவல்லது. ஆயினும் அக்காலத்தில் அக்கல்வி ஓர் எல்லையோடு நின்றுவிடும். ஆங்கிலம் கற்றவனுக்கே உத்தியோகம், மேற்படிப்பும் அவனுக்கே. ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைகளோ கிறிஸ்தவ மிஷனார் நடத்தியவை. அவையும் பட்டினத்தையும் பெரிய ஊர்களையும் அண்டியவை. மயில்வாகனன் முதலில் கல்முனையிலே வெஸ்லியன் மிஷனார் பாடசாலைக்குப் போனான். பின்பு மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரிக்குப் போனான். வயலும் வாவியும் சூழ்ந்த கிராமங்களிலே அவனோடு ஒத்த புத்தியுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். பட்டினத்துக்குப் போய்த் தங்கிப் படிக்க வழியில்லாத காரணத்தால், ஏரும் தோணியுமே அவர்களுக்குக் கதியாயின. இதை நாம் வருத்தத்தோடு சொல்கிறோமேயன்றி, உழவையும் மீன்பிடியையும் இழிவாகச் சொல்கிறோமில்லை. தொழிலைத் தானே தேர்ந்துகொள்வது ஒன்று. வேறு கதவே திறவாமையால் அதில் நின்றுவிடுவது இன்னொன்று.

மிஷனார் பாடசாலைகளைப் பற்றி நன்றியோடு பேசுவதே நேர்மை. மயில்வாகனனின் கணித ஆற்றலைக் கண்டு வளர்த்தவர்கள் மிக்கேல் கல்லூரியின் பாதிரிமார். 1908ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சீனியரில் அவர் தேறியதும், அவரைத் தம் கல்லூரியிலேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். அடிகளார் காவி உடுத்த பின்னரும் அந்த ஆசிரியர்களிடம் கொண்ட மதிப்பு குன்றியதில்லை. பிற சமயத்தாரை வையாமலே தம் சமயத்துக்குப் பாடசாலை அமைத்தவர் அவர். இவ்வியல்பு அக்காலத்திலும் அரிது, இக்காலத்திலும் அரிது.

1911ஆம் ஆண்டு கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெற்று மீண்டார். மறுபடியும் கற்பித்தார். 1915ஆம் ஆண்டு கொழும்பு தொழினுட்பக் கல்லூரிக்குச் சென்றார். 1916ஆம் ஆண்டிலே இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழ்ந்தன: விஞ்ஞானத்திலே டிப்ளோமாப் பட்டம் பெற்றார்; மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். அப்பரீட்சையில் ஈழநாட்டிலிருந்து முதன்முதல் தேறியவர் அவரே. பண்டிதருக்கு விஞ்ஞானம் ஆகாது, விஞ்ஞானிக்குத் தமிழ் வாராது என்று எண்ணியிருந்தோர்க்கு அந்த ஓராண்டே போதிய விடையாயிற்று.

அதன்பின் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920ஆம் ஆண்டு இலண்டன் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி. பட்டம். அதே ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி. வயது இருபத்தெட்டு. இனி வேண்டுவது என்ன? நல்ல இடத்திலே விவாகம், வீடு, சிறிது காலத்தில் அரசாங்கத்தார் தரும் ஒரு பட்டம் என்று ஊரார் கணக்குப் போட்டிருப்பர். அவரோ 1922ஆம் ஆண்டு அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு இரண்டாண்டு பிரமசரியம் காத்தார். இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் சஞ்சிகைகளின் பணியையும் ஏற்றார். 1924ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமியன்று சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். கல்லடி வித்தியாலயம் தாங்கி நிற்பது அக்குருநாதரின் திருப்பெயரே.

துறவியானவர் குகையைத் தேடிப் போவார் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 1925ஆம் ஆண்டு ஈழத்துக்கு மீண்டதும் அவர் தேடிப் போனது பாடசாலைகளையே. வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும், திருகோணமலை இந்துக் கல்லூரியும், கிழக்கு மாகாணத்துக் கிராமப் பாடசாலைகள் பலவும் இராமகிருஷ்ண மிஷன் சார்பில் அவரது கண்காணிப்பில் வந்தன. காரைதீவு, அக்கரைப்பற்று, மண்டூர், ஆனைப்பந்தி என்று மிஷன் பாடசாலைகள் நின்ற இடங்களை எண்ணிப் பார்ப்பின், அவை வாவியின் கரையையும் கடலின் கரையையும் பற்றிச் செல்லும் ஒரு நெடுங்கோடாகத் தோன்றும்.

பாடசாலை நடத்துவது அக்காலத்தில் எத்தகைய சுமை என்பதை இன்றைய இளைஞர் அறிதல் நன்று. நன்கொடை பெறும் பாடசாலை என்ற முறையிலே, ஆசிரியரின் சம்பளத்துக்கு அரசாங்கம் உதவும். நிலம், கட்டடம், வாங்கு மேசை, கிணறு, வேலி எல்லாம் முகாமையாளரின் தலையில் விழும். பிள்ளைகளின் வரவு குறைந்தால் நன்கொடைக்கும் ஆபத்து. வித்தியாபகுதியார் பார்வையிட்டு ஒப்புக்கொள்ளும்வரை எல்லாம் கைப்பணம். ஆங்கில பாடசாலையானால் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கித்தான் ஆகவேண்டும். ஏழைப் பிள்ளை சம்பளத்துக்கு எங்கே போகும்? தமக்கென ஒரு சதமும் வைத்திராத ஒரு சந்நியாசி இந்தக் கணக்குகளோடு மல்லாடினார். விரிவுரை மேடையில் நின்ற விபுலாநந்தரைப் பற்றி எழுதியவர் அநேகர். முகாமையாளர் மேசையில் வரவுப் பதிவேட்டையும் செலவுச் சிட்டையையும் புரட்டிக்கொண்டிருந்த விபுலாநந்தரைப் பற்றி எழுதியவர் சிலரே. பின்னவர் இல்லையேல் முன்னவருக்கு நிற்க மேடை எது?

1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் தொடங்கப் பெற்றது. பட்டினத்துக்குள்ளே இடம் தேடாமல் வாவியின் மறுகரையைத் தேர்ந்ததிலே ஒரு பொருத்தம் உண்டு. தென் பகுதிக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு அது பட்டினத்தின் வாயில். பட்டினத்துப் பிள்ளைக்கு அது கிராமத்தின் வாயில். தொலைவிலிருந்து வருவோரும் தாய் தந்தையை இழந்தோரும் தங்கிப் பயில மாணவர் இல்லம் உண்டாயிற்று. ஆங்கிலத்திலே பாடம், வீட்டு மொழியிலே வழிபாடு, நெற்றியிலே நீறு. சைவப் பிள்ளை தன் நெறியை விடாமலே இலண்டன் பரீட்சைவரை போகலாம் என்ற நிலை மட்டக்களப்பு நாட்டுக் கிராமங்களுக்கு அன்றுதான் கைக்கெட்டியது.

யாருக்காக அப்பாடசாலை என்ற கேள்வியும் அக்காலத்திலே சாதாரணமான கேள்வி அன்று. வடக்கிலே 1930ஆம் ஆண்டையொட்டி, நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற ஒழுங்கு வந்தபோது, அதனை ஏற்கமாட்டாமல் கொதித்தெழுந்தவர்கள் நம் சைவ மக்களிலே பலர் இருந்தார்கள். பாடசாலைக் கொட்டகைகளுக்குத் தீவைத்த வெட்கக்கேடும் நம் சரித்திரத்தில் உண்டு. மூத்தோர் சிலருக்கு இது நினைவூட்ட விரும்பாத விஷயம். ஆயினும் மறைப்பதிற் பயனில்லை. அந்தக் காலத்திலே அடிகளார் எப்பக்கம் நின்றார் என்பதற்கு அவரது அண்ணாமலை வாழ்க்கையே சான்று. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் அழைக்கப்பட்டார். பகலெல்லாம் பட்ட வகுப்பு மாணவருக்குச் சங்கநூல் சொன்னவர், மாலையானதும் அருகிலிருந்த திருவேட்களத்திலே தாழ்த்தப்பட்டோர் வாழ்ந்த சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் ஒருவர் அரிச்சுவடியோடு அவ்விடம் புகுந்தது உயர்ந்தோர் எனப்பட்ட பலருக்குப் பிடிக்கவில்லை. அவர் போவதை நிறுத்தவுமில்லை.

அண்டை அயலில் வாழும் முஸ்லிம் மக்களின் கல்வியிலும் அவருக்கு அக்கறை இருந்தது. காரைதீவுக்கு இருமருங்கிலும் முஸ்லிம் ஊர்களே. சந்தையிலும் வயலிலும் கூடி வாழ்ந்த மக்கள். 1942ஆம் ஆண்டு கல்முனையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் அஸீஸ் அவர்கள். பின்னாளிலே செனேற்றரும் ஸாஹிராக் கல்லூரி அதிபருமாய் விளங்கியவர். அவர் சிறுவனாய்க் கற்றது வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயத்தில். கல்முனைப் பகுதி முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கென அவர் முயன்றபோது, நண்பராய் அருகிருந்து ஊக்கியவர் அடிகளார். கிழக்கு மாகாணத்து இன்றைய வாலிபர் இதைத் தம் வீட்டிலும் அயல் வீட்டிலும் சொல்லலாம்.

இனி ஒரு குறையையும் பேசவேண்டும். அடிகளார் தாம் தொடங்கிய பாடசாலையிலே நிலைத்து இருக்கவில்லை என்பர் சிலர். உண்மைதான். 1931 முதல் 1933 வரை அண்ணாமலை நகர். அதன் பின் சிறிது காலம் ஈழத்திலே பாடசாலைப் பணி. 1936ஆம் ஆண்டு சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுத் தலைமை. 1937ஆம் ஆண்டு இமயமும் கைலையும். 1939ஆம் ஆண்டு சென்று மாயாவதி ஆச்சிரமத்திலே பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில சஞ்சிகையின் ஆசிரியப் பணி. 1943ஆம் ஆண்டு இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர். ஓரிடத்தில் வேரூன்றி நின்று முப்பது ஆண்டு ஒரே கல்லூரியை நடத்திய அதிபர்களை நம் நாட்டிலே கண்டிருக்கிறோம். அந்த வகையினர் அல்லர் அடிகள். அவர் அருகிலேயே இருந்திருந்தால் வித்தியாலயம் இன்னும் விரைவாய் ஓங்கியிருக்கும் என்று எண்ண இடமுண்டு. எனினும் அவர் ஊரில் இல்லாத நாட்களிலும் பாடசாலை மணி அடித்தது. அதற்குக் காரணர் சுவாமி நடராஜானந்தர். அவரும் காரைதீவின் மைந்தர். மேடைகளிலே அதிகம் தோன்றாதவர். மாணவர் இல்லத்தையும் பாடசாலைகளையும் தாய்போற் காத்தவர். ஒருவர் வித்திட, ஒருவர் நீர் பாய்ச்சினார். விழாக்களிலே முன்னவர் படத்துக்குப் பக்கத்திற் பின்னவர் படத்தையும் வைத்தால் என்ன என்று பலமுறை தோன்றியதுண்டு.

அடிகளார் எங்கிருந்தாலும் உபாத்தியாயராகவே இருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. கலைச்சொல்லாக்க மாநாட்டையே எடுத்துக்கொள்வோம். பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் தமிழிற் கற்பிக்கச் சொற்கள் வேண்டும். அச்சொற்களைப் பண்டிதரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து அமைக்கவேண்டும். இரு துறையிலும் பரீட்சை தேறிய ஒருவர் தலைமை வகித்தது தற்செயல் அன்று. கல்முனையிலும் புளியந்தீவிலும் ஆங்கிலத்தின் வழியாகவே விஞ்ஞானத்தைத் தொட முடிந்த அந்தக் காரைதீவுச் சிறுவன், தனக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாமென்று கருதினான் போலும். இன்று நம் பாடசாலைகளிலே பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிற் படிக்கிறார்கள். அவர்கள் வாயில் வரும் சொற்களுக்குப் பின்னால் அத்தகைய கூட்டங்களின் உழைப்பு இருக்கிறது.

யாழ்நூலும் அவ்வாறே. பதினான்கு ஆண்டளவான ஆராய்ச்சியின் பயனாகிய அந்நூலை இலக்கிய நூல் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள அளவை, பாலைகள் மாறும் முறை ஆகியவற்றை எண்களாற் கணித்து நிறுவுகின்ற நூல் அது. சிலப்பதிகாரத்தைக் காரைதீவு கொடுத்தது. கணிதத்தை மிக்கேல் கல்லூரி கொடுத்தது. வாவியிலே மீன் பாடும் இசையையும் அவர் விட்டுவைக்கவில்லை, அதனையும் செவிமடுத்து ஆராய்ந்தார். இவ்வளவும் ஒருவரிடம் கூடியது மட்டக்களப்பு நாட்டின் பேறு.

சிவானந்த வித்தியாலயத்தின் பிற்காலத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்பளம் கட்ட இயலாத பிள்ளைகளைப் பற்றி முகாமையாளர் பட்ட கவலைக்கு நாடு முழுவதற்குமாக விடை வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து மிஷன் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. சைவ மக்கள் சதம் சதமாகக் கூட்டி எழுப்பிய பாடசாலைகளை விட்டுக்கொடுக்கும்போது நெஞ்சு கனத்தவர் பலர். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாயிற்று என்று மகிழ்ந்தவரும் உளர். இருதிறத்தாரிடமும் நியாயம் இருந்தது. மாணவர் இல்லம் மிஷனோடு நின்றது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைச் சாய்த்தது. நெடும்போர் எத்தனையோ வகுப்புகளிலே வெற்று வாங்குகளை விட்டுச் சென்றது. 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை வாரிச் சென்றது. வித்தியாலயம் இன்றும் தேசிய பாடசாலையாய் நிற்கிறது. 2013ஆம் ஆண்டு கல்லடியில் அகலமான புதுப் பாலம் திறக்கப்பட்டது. பழைய இரும்புப் பாலமும் அதனருகிலேயே இருக்கிறது.

அடிகளாரின் இறுதி நாட்களைச் சொல்லி முடிக்கலாம். 1947ஆம் ஆண்டு ஆனி மாதமளவிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு யாழ்நூல் அரங்கேறியது. நூலிற் சொல்லிய அளவின்படி செய்த யாழ்கள் அவ்வரங்கிலே இசைக்கப்பட்டன. அறிஞர் கூடிப் பாராட்டினர். அடிகளாரின் உடலோ முன்பே தளர்ந்திருந்தது. பெருவிழாவின் களிப்பு ஆறுமுன், யூலை 19ஆம் நாள், கொழும்பிலே அவர் இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பத்தைந்து.

கொழும்பிலே சர்வகலாசாலை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் வளர்த்த கழகங்கள் இருந்தன. காரைதீவிலே பிறந்த மண் இருந்தது. திருமேனி கொண்டுவரப்பட்ட இடம் கல்லடி உப்போடை. எத்தனையோ முறை வாவியைக் கடந்து பாடசாலைக்கு வந்தவர் அன்று கடைசி முறையாகப் பாலத்தைக் கடந்து வந்தார். வித்தியாலயத்தின் முன்னே மரநிழலிலே சமாதி வைத்தார்கள். இறைவனுக்கு உவந்த மலர் யாது என்று அவர் பாடிய பாடலைக் கல்லிற் பொறித்து மேலே வைத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதல் கல்லடிப் பிள்ளைகள் அதை நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.